பால்வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக்கடன்: எங்கிருந்து தொடங்குவது?

மலையோரத்தான் | மே 30, இரவு 10:12

வணக்கம். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா இன்னொருவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போகிறார், நான் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூவில் 521 எடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியரிங் படிக்க ஆசை. கவுன்சிலிங்குக்கு இன்னும் பதிவுகூடப் பண்ணவில்லை, பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சே வீட்டில் முடியாமல் கிடக்கிறது. பதிவு முடிய நாலைந்து நாள்தான் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங், முழுப் பணத்துக்கும் லோன் போட்டுத் தருகிறோம், இப்போதைக்கு 50 ஆயிரம் அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள் என்கிறார். அம்மா வளையலைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்கிறார்.

போன வாரம் அப்பாவும் நானும் அப்பாவுக்குக் கணக்கு இருக்கிற வங்கிக்குப் போனோம். காலையில் வெட்டை முடித்துவிட்டு நேராக வந்தார், குளித்து வேட்டி மாற்றியும் விரல் இடுக்கில் பால் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது, பாஸ்புக்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ‘கல்லூரி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கிளையில் கேளுங்கள், இங்கே இப்போது தருவதில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. வெளியே வந்து ஒரு சாயாகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டோம்.

கேள்வி இதுதான். அடமானம் வைக்க எங்களிடம் வீட்டு மனை 5 சென்ட் மட்டும். கல்விக்கடன் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? கிடைத்தால் திருப்பிக் கட்ட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர் | மே 30, இரவு 10:47

தம்பி, கடனைப் பற்றி அப்புறம் பேசலாம். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் நான் தொண்டை வறளச் சொல்வது இதுதான்.

வீட்டில் யாராவது பட்டதாரி உண்டா? தங்கச்சி படித்தது எந்த மாதிரிப் பள்ளி? அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, தமிழ்வழியா ஆங்கிலவழியா? அப்பா அம்மா வருமானம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு வரும்?

மலையோரத்தான் | மே 30, இரவு 10:55

பட்டதாரி யாரும் இல்லை டீச்சர். நான் டிப்ளமோ படித்துவிட்டதால் ‘முதல் தலைமுறை’ சலுகை தங்கச்சிக்குக் கிடையாது என்று ஊரில் சொன்னார்கள், அதனால் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. படித்தது சபை நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளி, ஆறாம் வகுப்பில் இருந்தே தமிழ்வழி. வருமானம் இரண்டு லட்சத்துக்குள்தான். மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது, அந்த மாதங்களில் அம்மா சம்பளம் மட்டும்.

தக்கலை டீச்சர் | மே 30, இரவு 11:20

ஊரில் சொன்னது தப்பு. டிப்ளமோ பட்டம் ஆகாது. பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், தாத்தா பாட்டி யாருமே டிகிரி வாங்கவில்லை என்றால் அவள்தான் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நாளைக் காலையிலேயே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள், ஒன்றுக்கு 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் மேசைகளைத் தாண்டித்தான் தாசில்தாருக்குப் போகும், அதனால் விண்ணப்பித்த கையோடு கிராம அலுவலரை நேரில் பார்த்துவிடுங்கள். கவுன்சிலிங் மூலம் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் இந்தச் சான்றிதழ் இருந்தால் டியூஷன் கட்டணத்தில் வருஷம் 25 ஆயிரம் குறையும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அது கிடைக்காது, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங் பதிவில் இந்தச் சலுகையைக் கேட்டு டிக் பண்ண மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது புதுமைப் பெண். 2022-இல் தொடங்கியபோது ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் மாதம் 1000 ரூபாய். நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் உதவிபெறும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், வகுப்பில் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ‘உனக்குக் கிடையாது’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதே 1000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தங்கச்சி பெயரில் இருக்க வேண்டும்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தால் கட்டணம், விடுதி எல்லாமே அரசு கட்டும். ஆனால் அது ஆறில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உங்கள் தங்கச்சிக்கு இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பி.சி., எம்.பி.சி. என்றால் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் அரசுக் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் அதே வருமான வரம்பில் தனி உதவித்தொகை இருக்கிறது. நம் ஊரில் பல குடும்பங்கள் ‘நாங்கள் மதம் மாறிவிட்டோம், எங்களுக்கு ஒன்றும் கிடையாது’ என்று நினைத்துக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள்.

பழைய வங்கிக்காரன் | மே 31, காலை 6:05

டீச்சர் சொன்ன வரிசைதான் சரி. நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன், நாகர்கோவிலில் ஓய்வு. கடன் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்களைத் திருப்பி அனுப்பிய விஷயம். வீடு தன் கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக்கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே எல்லா வங்கிகளுக்கும் எழுதிவிட்டது. உங்கள் விஷயத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையே, அப்பா கணக்கு இருக்கிற கிளையே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பமே கொடுக்கவில்லையே தம்பி. வாயால் கேட்டீர்கள், வாயால் சொன்னார்கள், அதற்கு ஒரு பதிவும் கிடையாது. கல்விக்கடனுக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கிற வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்ப எண் வரும், எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே பார்க்கலாம். மறுத்தாலும் காரணம் எழுதித்தான் மறுக்க வேண்டும், மறுப்பதற்குக் கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதலையும் வாங்க வேண்டும். அதனால்தான் சில இடங்களில் விண்ணப்பத்தையே வாங்காமல் அனுப்பப் பார்க்கிறார்கள்.

அடமானம்: 4 லட்சம் வரை எந்த அடமானமும் கேட்கக் கூடாது, நம் பங்கு என்று முன்பணமும் இல்லை. 4 முதல் 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதற்கும் சொத்து வேண்டாம், ஆனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் கையில் இருந்து போட வேண்டும். 7.5 லட்சம் தாண்டினால்தான் சொத்து. ஆகவே உங்கள் 5 சென்ட் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவே போடட்டும், நீங்கள் போடாதீர்கள். நாளை நீங்கள் வீடு கட்டக் கடன் கேட்கும்போது இதுவும் உங்கள் தலையில் நிற்கும்.

எவ்வளவு வாங்கலாம் என்பதை விட எவ்வளவு போதும் என்று பாருங்கள். டியூஷன், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப், விடுதி எல்லாம் கடனில் அடங்கும், அதற்காக எல்லாவற்றையும் கடனில் எழுதிவிடக் கூடாது.

இப்போது வட்டி. பலருக்குப் புரியாத இடம் இதுதான். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வருஷம் 60 ஆயிரம் வீதம் நாலு வருஷம் எடுத்தால் 2 லட்சத்து 40 ஆயிரம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் எடுத்த 60 ஆயிரத்துக்கு 5 வருஷ வட்டி 30 ஆயிரம், அடுத்ததற்கு 24, அதற்கடுத்து 18, கடைசிக்கு 12. ஆக மொத்தம் 84 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் கடன் 3 லட்சத்து 24 ஆயிரமாக நிற்கும். 10 வருஷத்தில் கட்டுவதென்றால் மாதம் சுமார் 4,280 ரூபாய்.

அந்த 84 ஆயிரத்தை மத்திய அரசே கட்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால். தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு உண்டு. கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும், நர்சிங் போன்றவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம். அப்படி மானியம் வந்தால் தவணை 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மட்டும், மாதம் சுமார் 3,170. பத்து வருஷத்தில் உங்கள் கையில் நிற்பது ஒரு லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். ஒரு வருமானச் சான்றிதழ் செய்கிற வேலை இது. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும், உடம்புக்கு முடியாமல் விட்டால் மட்டும் விலக்கு.

கடலோரச் செல்வி | மே 31, பிற்பகல் 1:30

சார் சொன்ன அந்தச் சான்றிதழ்தான் என் கதை. கொல்லங்கோடு பக்கம் கடற்கரை ஊர், அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நர்சிங்குக்கு நாலு வருஷத்தில் 4 லட்சம் கடன் எடுத்தோம். வட்டி அப்போது 12 சதவீதம். மானியம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது, கிளையில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்கவும் இல்லை. படிப்பு முடிந்து வேலை தேடி அலைந்த வருஷமும் போய், முதல் தவணைக்கு வங்கியில் சீட்டைக் கொடுத்தார்கள் பாருங்கள், 5 லட்சத்து 68 ஆயிரம் என்று இருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘மக்களே, இது வேற யாருடையதோ, நம்மது நாலுதானே’ என்றார். கேட்டதற்கு, வருமானச் சான்றிதழை அப்போதே கொடுத்திருக்க வேண்டும், இனி மானியம் வாங்க முடியாது என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அன்று என் சம்பளம் 9 ஆயிரம், தவணை 8 ஆயிரம் சொச்சம்.

மூன்று மாதம் கட்ட முடியவில்லை. அம்மா பெயரும் கடனில் இருந்ததால் மகளிர் குழுவில் அம்மாவுக்கு வர வேண்டிய கடன் நின்றது. குழுவில் மற்ற பெண்கள் முன்னால் அம்மா தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவே மாட்டேன். பிறகு நான் வளைகுடா போய் ஆறு வருஷத்தில் மொத்தத்தையும் அடைத்தேன். அடைத்துவிட்டேன் என்பதால் சுலபமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி, தங்கச்சிக்கு நர்சிங் ஆசை இல்லை என்றால் அவளை நர்சிங்குக்கு அனுப்பாதீர்கள். இது மனசு இல்லாமல் செய்கிற வேலை இல்லை.

வெட்டூர்ணிமடத்துக்காரன் | மே 31, பிற்பகல் 3:02

இவ்வளவு கணக்கு எதற்கு? தேர்தல் வந்தால் கல்விக்கடனைத் தள்ளுபடி பண்ணிவிடுவார்கள். என் மச்சான் மூன்று வருஷமாகக் கட்டவே இல்லை, ஒன்றும் ஆகவில்லை.

பழைய வங்கிக்காரன் | மே 31, மாலை 5:40

தள்ளுபடி வரும் என்று காத்திருந்தவர்களின் கோப்புகளை என் கையாலேயே வாராக்கடன் பட்டியலில் எழுதியிருக்கிறேன். வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தினால் 90 நாளில் வாராக்கடன், பிள்ளை பெயரும் அப்பா பெயரும் சிபிலில், அதாவது யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவில், விழும். உங்கள் மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் அடுத்த கடன் கேட்டுப் போகும் நாளில்தான் தெரியும். இப்போதே கிளைக்குப் போய், கட்ட முடியவில்லை, காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கடனைத் திருப்பிக் கட்ட 15 வருஷம் வரை கொடுக்கத் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஒளிந்து கொள்கிறவருக்குத்தான் ஆள் வரும், போன் வரும். நேரில் வந்து உட்கார்ந்து பேசுகிறவரிடம் எந்த மேலாளரும் கொஞ்சம் இறங்கித்தான் வருவார்.

கருங்கல் சந்தை | மே 31, இரவு 9:18

அந்த ஏஜென்ட் விஷயத்தை யாரும் பேசவில்லையே. என் அண்ணன் மகளை இரண்டு வருஷத்துக்கு முன் இப்படித்தான் கூட்டிப் போனார்கள். ‘லோன் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற அதே பேச்சு. அட்வான்ஸ் 60 ஆயிரம் கொடுத்தோம், ரசீது ஒரு துண்டுத் தாள், அதில் கல்லூரி பெயர்கூட இல்லை. அங்கே போன பிறகு மேனேஜ்மென்ட் சீட் என்றார்கள், இங்கே வங்கியில் அதற்குக் கடன் தர முடியாது என்றார்கள். ஒரு செமஸ்டர் முடிந்து பிள்ளை திரும்பி வருகிறேன் என்று அழுதாள். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி. எல்லாம் கல்லூரி அலமாரிக்குள். முழு நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அண்ணன் வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை நாகர்கோவிலில் இருந்து ரயில் ஏறினார். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே உத்தரவு போட்டிருக்கிறது, அதைத் தாளில் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலோடு போன பிறகுதான் கையில் கிடைத்தது. 60 ஆயிரம் போனது போனதுதான்.

ஏஜென்ட்டிடம் நாலு வருஷக் கட்டணத்தைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். வாங்கி வந்தால் பேசுங்கள்.

மலையோரத்தான் | ஜூன் 1, இரவு 8:50

எல்லாருக்கும் நன்றி. கருங்கல் அண்ணன் சொன்னபடியே லெட்டர்ஹெட்டில் கேட்டேன், ‘அதெல்லாம் சேர்ந்த பிறகு தருவார்கள்’ என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. அம்மா வளையலை மறுபடி கையில் போட்டுவிட்டார். கவுன்சிலிங் பதிவு முடித்துவிட்டோம். இரண்டு சான்றிதழுக்கும் விண்ணப்பித்தாயிற்று.

இன்னொன்று. சித்தப்பா ஒருவர், கல்விக்கடன் என்று வங்கி வங்கியாக அலைவதற்கு நகையை வைத்து எடுத்தால் அரை மணி நேரத்தில் பணம் என்கிறார். அது சரியா?

பழைய வங்கிக்காரன் | ஜூன் 2, காலை 6:20

முதல் வருஷச் சேர்க்கைக்குக் கடன் வருவதற்குள் ஒரு கை மாற்றாக நகை வைப்பதில் தப்பில்லை, அதையும் வங்கியில் வையுங்கள். நாலு வருஷப் படிப்பை நகையில் ஓட்ட நினைக்காதீர்கள். நகைக்கடன் வருஷத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டியது, வட்டி மானியம் கிடையாது, உங்கள் கையில் வருமானம் இல்லாத மாதத்தில் ஏலத்துக்கு நோட்டீஸ் வரும். கல்லூரிக்கு நீங்களே கட்டிய முதல் தொகையின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கடன் அனுமதி ஆன பிறகு அதைக் காட்டித் திரும்பப் பெற முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

கடலோரச் செல்வி | ஜூன் 2, காலை 11:15

சார் சொன்ன ‘வருமானம் இல்லாத மாதம்’ என்பதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 61 நாள். மலையோரத்தில் அதே ஜூன், ஜூலையில் மழை, பால் வெட்டு நிற்கிறது. கல்லூரி ஃபீஸ் கேட்பதும் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அதாவது நம் மாவட்டத்தில் கடலோரத்து வீட்டிலும் மலையோரத்து வீட்டிலும் கை வெறுமையாக இருக்கிற நேரத்தில்தான் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஏஜென்ட்டும் கந்துவட்டிக்காரரும் அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வந்து நிற்கிறார்கள். எங்கள் ஊரில் இப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஏப்ரலிலேயே போய் வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றுக்கும் விண்ணப்பிக்க வைக்கிறோம். பரீட்சை முடிந்த வாரம் பிள்ளைகள் சும்மாதானே இருப்பார்கள், இ-சேவை மையத்திலும் அப்போது கூட்டம் இல்லை.

தக்கலை டீச்சர் | ஜூன் 2, இரவு 9:05

செல்வி, இதை எங்கள் பள்ளியிலும் வந்து பேச முடியுமா? தனிச் செய்தி அனுப்புகிறேன்.

தம்பிக்கு விட்டுப்போன ஒன்று: நீங்கள் கிறிஸ்தவ அல்லது முஸ்லிம் குடும்பம் என்றால் டாம்கோ, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், கொடுக்கிற கல்விக்கடனையும் கேட்டுப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டி, கூட்டுறவு வங்கி வழியாகக் கொடுக்கிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

மலையோரத்தான் | ஆகஸ்ட் 9, இரவு 10:30

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எங்களைப் போல யாருக்காவது உதவும்.

கவுன்சிலிங்கில் நம் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரி, கம்ப்யூட்டர் சயன்ஸ், தினமும் வீட்டில் இருந்தே போய் வருகிற தூரம். டியூஷன் 55 ஆயிரம், முதல் பட்டதாரி சலுகை போக 30. பஸ் 26, தேர்வு, புத்தகம், மற்றவை 14. வருஷம் 70 ஆயிரம். புதுமைப் பெண் பணத்தில் 10 ஆயிரம் போக மீதி 60 ஆயிரத்தைக் கடனாகக் கேட்டோம். வங்கிக்கார சார் போட்ட கணக்கு அப்படியே வந்துவிட்டது. லேப்டாப் கடனில் சேர்க்கவில்லை, நான் வேலை பார்க்கிற இடத்தில் முதலாளி பழையது ஒன்று கொடுத்தார்.

வித்யாலட்சுமியில் விண்ணப்பித்து அந்த எண்ணோடு அதே கிளைக்குப் போனோம். ‘இங்கே தருவதில்லை’ என்று மறுபடியும் சொன்னார்கள். சார் சொல்லிக் கொடுத்தபடி, கோபப்படாமல், ‘சரி, காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்றேன். உட்காரச் சொன்னார்கள். பத்து நாளில் முடிக்கிறோம் என்றவர்கள் மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம், அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளருக்குப் போனது. நாலாவது நாள் வங்கியில் இருந்து போன். முதல் தவணை கல்லூரிக் கணக்குக்கே போய்விட்டது. இடையில் சேர்க்கைக்கு அம்மாவின் ஒரு வளையல் போனது, மற்றது கையில் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட அன்று மேலாளர் அறையில் அப்பாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்தில். அப்பா கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பக்கத்தையும் தங்கச்சி முழுக்க வாசித்த பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டாள், முக்கால் மணி நேரம் ஆனது. நாலாவது பக்கத்தில் விருப்பம் இருந்தால் மட்டும் எடுக்க வேண்டிய ஒரு இன்சூரன்சில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தார்கள். அவள்தான் கண்டுபிடித்தாள். வேண்டாம் என்றதும் எடுத்துவிட்டார்கள். வருமானச் சான்றிதழைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிட்டோம் செல்வி அக்கா.

பழைய வங்கிக்காரன் | ஆகஸ்ட் 10, காலை 6:10

ரொம்ப சந்தோஷம் தம்பி. இரண்டு விஷயம் மட்டும். வருஷா வருஷம் மானியத்துக்கான கோரிக்கை போயிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள், கணக்கில் வட்டி எழுதிய பக்கத்தை வாங்கிப் பாருங்கள். ஏதாவது பிரச்சினை வந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், செலவு எதுவும் கிடையாது.

தங்கச்சி வேலைக்குப் போய் வரி கட்டும் நிலை வந்தால், பழைய வரி முறையில் இருந்தால், கட்டுகிற வட்டிக்கு வருமான வரியில் 8 வருஷம் கழிவு உண்டு. அண்ணனுக்கு அது கிடையாது.

பூச்சந்தை முக்கு | ஆகஸ்ட் 10, இரவு 7:44

முழு இழையையும் இப்போதுதான் வாசித்தேன். தோவாளை. அப்பா இல்லை, அம்மா பூ கட்டுகிறார். நான் மூன்றாம் சுற்றுக் கவுன்சிலிங்கில் சேர்ந்திருக்கிறேன், முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருக்கிறது. அம்மாவுக்குப் பழைய குழுக் கடன் ஒன்று நிலுவையில் இருக்கிறது, அதனால் சிபில் சரியில்லை, விண்ணப்பித்தாலும் கிடைக்காது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். இனி வழி உண்டா?

பழைய வங்கிக்காரன் | ஆகஸ்ட் 10, இரவு 8:30

உண்டு. கல்விக்கடன் நாளை நீ சம்பாதித்துக் கட்டப்போவதை நம்பிக் கொடுப்பது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது கேரளத்துத் தீர்ப்பு, நம் ஊர் வங்கியைக் கட்டிப்போடாது, ஆனாலும் மனுவில் எழுதலாம். அம்மாவின் நிலுவை எவ்வளவு? சின்னத் தொகை என்றால் அதை முதலில் முடித்து, முடித்ததற்கான கடிதம் வாங்கிவிடு. பெரிய தொகை என்றால் தாய்மாமனோ வேறு யாராவதோ கூட்டாகக் கையெழுத்துப் போட வங்கி ஏற்குமா என்று எழுதிக் கேள். விண்ணப்பம் போட்டாயா?

பூச்சந்தை முக்கு | ஆகஸ்ட் 10, இரவு 8:41

இல்லை சார். கேட்டதோடு திரும்பி வந்துவிட்டேன். நிலுவை 6 ஆயிரத்து சொச்சம்.

மலையோரத்தான் | ஆகஸ்ட் 10, இரவு 8:58

மக்கா, நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். இன்று ராத்திரியே வித்யாலட்சுமியில் விண்ணப்பத்தைப் போடு, புரியாத இடத்தில் தனிச் செய்தியில் கேள், நான் விழித்துத்தான் இருப்பேன். புதன்கிழமை எனக்கு லீவு. பத்தரை மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, சேர்ந்து வங்கிக்குப் போவோம். கல்லூரி கொடுத்த கட்டண விவரமும் வருமானச் சான்றிதழும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொள்.